பேச்சும் செவியும் படிக்க எங்கே போவது? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் போதும், பேச்சு, செவிச் சிகிச்சை கொடுக்கும் என் அறைக்கு நோயாளிகளோடு மாணவர்களும் வரத் தொடங்கிவிடுவார்கள். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து அப்பாவோ தாய்மாமனோ அழைத்து வருவார். மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை, பி.ஏ.எஸ்.எல்.பி. என்று பேச்சு, செவிக்கான பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறதாமே, அதில் சேர்க்கலாமா, எந்த ஊரில் சேர்க்கலாம், ஓராண்டு டிப்ளமா போதாதா என்று கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் பெயர், கட்டணம், ஊரின் தூரம் எல்லாவற்றுக்கும் முன்னால் அங்குள்ள கிளினிக்கைப் பாருங்கள். நாள்தோறும் எத்தனை பேர் வருகிறார்கள், என்னென்ன குறைகளோடு வருகிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று விசாரியுங்கள். இந்தப் படிப்பில் பாதியைப் பேராசிரியர் சொல்லித் தருவார். மீதியை அங்கே வந்து உட்காரும் நோயாளிதான் சொல்லித் தர வேண்டும்.

வேலை என்னவென்று தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற ஒரே பட்டத்துக்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. ஆடியாலஜி காது கேட்கும் திறனை அளப்பது, காது மெஷின் பொருத்துவது, காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் கேட்கும் கருவி) செய்தவர்களுக்குக் கருவியைச் சரிசெய்து கொடுப்பது. மற்றது நம் மக்கள் ஸ்பீச் தெரபி என்று சொல்வது. பேச்சு தாமதமான குழந்தை, திக்குகிற இளைஞர், ஆட்டிசம் உள்ள பிள்ளை, உதடும் அண்ணமும் பிளவுபட்டுப் பிறந்து அறுவை சிகிச்சை முடிந்த சிறுமி, தொண்டை கட்டியே கிடக்கும் ஆசிரியை, பக்கவாதம் வந்து பேச்சு போனவர், விழுங்கும்போது புரையேறுகிறவர் எல்லாரும் அதற்குள் வருவார்கள்.

பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கு ஓ.ஏ.இ. பரிசோதனை செய்வதைப் பாருங்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். காதுக்குள் மிருதுவான சிறு முனையை வைத்து ஒலியைச் செலுத்துவோம். உட்செவியின் மயிர்க்கலங்கள் நன்றாக வேலை செய்தால், அவை பதிலுக்கு மிக மெல்லிய ஒலி ஒன்றை எழுப்பும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் பெரா. நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் எலெக்ட்ரோடு ஒட்டி, சத்தம் செவி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்போம். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. நம்மிடம் வரும் குழந்தைகளில் பலருக்கு அதற்குள் மூன்று வயது ஆகியிருக்கிறது. "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று பாட்டி சொல்லியிருப்பார். நாக்கில் வசம்பு தடவிப் பார்த்திருப்பார்கள். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் வேரூன்றிய மாவட்டங்கள் இவை. பிறவிச் செவித்திறன் குறைவுக்கு அது ஒரு காரணமாகக்கூடும் என்று அந்தத் தாயிடமே, அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டியதும் நம் வேலைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் செய்துவந்த ஒருவர் பக்கவாதத்துக்குப் பின் என்னிடம் வந்தார். மனைவியின் பெயர் என்ன என்று கேட்டால் வாய் திறக்கும், சொல் வராது, கண்ணில் நீர் முட்டும். ஆனால் நான் "ஒன்று" என்று தொடங்கிவைத்தால் இருபது வரை தடங்கலில்லாமல் எண்ணிவிடுவார். மூளையின் இடப்பக்கம் அடிபட்டவர்களிடம் பழக்கத்தில் ஊறிய பேச்சு தங்கிவிடுவதுண்டு. எண்ணிக்கை, கிழமைகள், பாட்டு, சில சமயம் வசவு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். அவருக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்ற எடைகளில் தொடங்கினோம். பிறகு பிச்சி, முல்லை, கனகாம்பரம். வீட்டார் பெயர்களுக்கு வரப் பல மாதங்கள் ஆயின. ஆங்கிலத்தில் அச்சடித்த படத்தாள்களை மட்டும் வைத்துப் பயின்றவர் அவரிடம் எங்கிருந்து தொடங்கியிருப்பார்? மொழியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி படிப்புகள். எதில் சேர்ந்தாலும் அது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் சேர்த்துக் கிடைப்பதில்லை. படிப்புக்குப் படிப்பு, காலவரையறையோடு கிடைப்பது. ஆகவே கவுன்சிலின் இணையதளத்தில் இந்த ஆண்டுப் பட்டியலில் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு இரண்டும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும் என்று எந்த நிர்வாகம் சொன்னாலும் அதை நம்பி நான்கு ஆண்டுகளை அடகு வைக்காதீர்கள்.

பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு ஆண்டுப் படிப்பு. மூன்று ஆண்டுகள் வகுப்பும் கிளினிக்கும், கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப். ஒலியின் இயற்பியல், உடற்கூறு, நரம்பியல், உளவியல், மொழியியல், புள்ளியியல் என்று பாடங்கள் நாலாபுறமும் பரந்து கிடக்கும். உயிரியல் மட்டும் பிடித்தவர்கள் இயற்பியலில் திணறுவதையும், கணக்குப் பிடித்தவர்கள் மூளை நரம்புகளில் திணறுவதையும் பார்த்திருக்கிறேன். இயற்பியல், வேதியியலோடு உயிரியலுக்குப் பதில் கணிதம் படித்தவர்களையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வுக்கோ உயிரியல் படித்திருப்பது நல்லது. அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இதோடு பெரும்பாலானோர் ஒப்பிட்டுக் கேட்பது டி.எச்.எல்.எஸ். என்ற, செவி, மொழி, பேச்சுக்கான ஓராண்டு டிப்ளமா. பிளஸ் டூ முடித்தவுடன் சேரலாம், செலவு குறைவு, சீக்கிரம் சம்பளம். குடும்பத்துக்கு உடனடியாக வருமானம் வேண்டும் என்ற நிலையில் இதைத் தாழ்வாகப் பேச எனக்கு வாயில்லை. செவித்திறன் பரிசோதனைகளைச் செய்யவும், மேற்பார்வையின் கீழ் பயிற்சி கொடுக்கவும் நல்ல உதவியாளர்கள் இல்லாமல் எந்த மையமும் நடக்காது. ஆனால் பதிவேட்டில் அது வேறு பிரிவு. டிப்ளமா முடித்தவர் பேச்சு, செவித் தொழில்நுட்பராகப் பதிவாவார். தானே நோயைக் கண்டறிந்து, சிகிச்சையை வகுத்து, அறிக்கையில் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவது பட்டம் பெற்றவரின் வேலை. டிப்ளமாவோடு தனியாக மையம் திறந்துகொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்கிற பிள்ளைக்கு, கடன் வாங்க வேண்டியிருந்தாலும், நான்கு ஆண்டுப் படிப்புதான் சரி என்பது என் கருத்து.

செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர் படிப்பு முற்றிலும் வேறு பாதை. பிளஸ் டூவுக்குப் பின் டிப்ளமாவாகவும், பட்டத்துக்குப் பின் சிறப்பு பி.எட். ஆகவும் படிக்கலாம். வகுப்பறை பிடித்தவர்களுக்கு அது பொருந்தும். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் பெயரிலான காது கேளாதோர் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நடந்துவருகிறது. தென்மாவட்டங்களில் இந்தக் கல்விக்கு நீண்ட மரபு இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் இந்த வேலை பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் கிடைக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்திய சைகை மொழிபெயர்ப்பாளருக்கான டிப்ளமாவும் உண்டு. 2015இல் டெல்லியில் அதற்கென்றே ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களில் சிலர் சைகை மொழியை ஏதோ தோல்வியின் அடையாளம்போல் பார்க்கிறார்கள். அது பெரும் பிழை. வாய்ப்பேச்சு எட்டாத குழந்தைக்கு ஒரு முழுமையான மொழி கிடைப்பதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை.

மொழியியல் எம்.ஏ. பற்றியும் கேட்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் நல்ல துறைகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போகலாம், நோயாளியைப் பார்க்க அது அனுமதி தராது.

ஊர்களைப் பற்றி எழுதும்போதுதான் மனம் இரண்டாகிறது. மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் 1965இல் தொடங்கியது. மத்திய அரசின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இந்தத் துறையில் நாட்டின் தாய்வீடு என்று அதைத்தான் சொல்வார்கள். நூலகம், ஆய்வுக்கூடங்கள், குறைக்கேற்ற தனித்தனிப் பிரிவுகள், அனுபவம் மிக்க ஆசிரியர்கள் என்று குறை சொல்ல ஒன்றுமில்லை. அரசு நிறுவனம் என்பதால் கட்டணமும் தனியாரைவிட வெகுவாகக் குறைவு. தூத்துக்குடியிலிருந்து மைசூர் போகும் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகத்தான் போகிறது. ஏறிப் படுத்தால் மறுநாள் போய்ச் சேரலாம். இடம் கிடைப்பது கடினம், போட்டி நாடளாவியது. கிடைத்துவிட்டாலும் முதலாண்டு முழுதும் ஒரு தடை இருக்கும்: எதிரே உட்காரும் குழந்தையும் தாயும் பேசுவது கன்னடம். மொழியைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். தமிழில் சிகிச்சை கொடுக்கும் பழக்கமோ ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வருகிறது.

சென்னையில் நிலைமை வேறு. தமிழ்நாடு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் பி.ஏ.எஸ்.எல்.பி.யும் இருக்கிறது, சென்னை மருத்துவக் கல்லூரியில் அரசுக் கட்டணத்தில் இந்தப் படிப்பைப் படிக்கலாம். கட்டடத்தையும் கருவியையும் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கல்லூரியோடு இணைந்த பொது மருத்துவமனையின் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். தொண்டைப் புற்றுநோயால் குரல்வளை எடுக்கப்பட்டவர் முதல் தலையில் அடிபட்டவர் வரை, மாநிலத்தின் எல்லாப் பக்கத்துத் தமிழும் பேசுகிறவர்கள் அங்கே வருகிறார்கள். கற்கும் மனமுள்ள மாணவருக்கு இதற்கு ஈடு இல்லை. இருக்கைகள் சொற்பம் என்பதுதான் வருத்தம்.

தனியாரில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா, சென்னை காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தும் மெர்ஃப் கல்லூரி, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்கிறார்கள். பெரிய மருத்துவமனையோடு ஒட்டியிருப்பதால் ஸ்ரீராமச்சந்திராவில் பக்கவாதம், விழுங்கும் கோளாறு, பிளவு அண்ணம் ஆகியவற்றைப் பார்க்க வாய்ப்பு அதிகம். முதுகலையும் அங்கேயே உண்டு. மெர்ஃப் என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட். அந்தத் துறையில் ஆசை உள்ளவர்களுக்கு அதுவே நேர்வழி. கட்டணம்தான் எல்லாரையும் யோசிக்க வைக்கிறது. விடுதி, சாப்பாடு சேர்த்து நான்கு ஆண்டுக்கும் மொத்தக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்து, மூன்றாம் ஆண்டில் நகையை அடகு வைக்க வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் 1997இல் தொடங்கிய நிஷ் என்ற தேசியப் பேச்சு, செவி நிறுவனத்தைத் தென்மாவட்டக்காரர்கள் அதிகம் யோசிப்பதில்லை. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சியில் அதற்கு நல்ல பெயர். அதே வளாகத்தில் காது கேளாத மாணவர்கள் பட்டப்படிப்பு படிக்கிறார்கள். நோயாளியாக மட்டும் பார்த்துப் பழகிய ஒருவரைச் சக மாணவராகப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் வராது. சேர்க்கை கேரள மாநில விதிகளின்படி நடப்பதால் வெளிமாநிலத்தவருக்கு எத்தனை இடம் என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் நான் எதைச் சொல்வேன்? மதுரைக்கே திரும்பி நோயாளிகளைப் பார்க்கப் போகிற பிள்ளைக்கு, அரசு இடம் கிடைத்தால் சென்னை மருத்துவக் கல்லூரி. ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும் கனவாக இருந்தால் மைசூர். இரண்டும் வேண்டும் என்றால் பி.ஏ.எஸ்.எல்.பி.யைத் தமிழ்நாட்டில் முடித்துவிட்டு முதுகலைக்கு மைசூர் போகலாம். எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வரிசை இதுதான். முதுகலையில் ஆடியாலஜியும் பேச்சு மொழி நோயியலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதற்குள் எந்தப் பக்கம் தன் மனம் சாய்கிறது என்று மாணவருக்கே தெரிந்திருக்கும்.

நோயாளியின் மொழியில் பயில்வது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. மகால் பகுதியிலிருந்து நான்கு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். பேச்சு பின்தங்கியிருக்கிறது என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்களாம். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். அவனைச் சோதித்ததோ ஆங்கிலப் படங்களை வைத்து. அவன் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சௌராஷ்டிரத்தில் பேசச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தார்கள் என்று நீளமாக ஒரு கதையே சொன்னான். அவன் மொழித்திறனில் எந்தக் குறையும் இல்லை. இதேபோல், மதுரைப் பக்கம் வாழைப்பழத்தை வாளைப்பளம் என்று சொல்வது வட்டார வழக்கு. அதைக் கோளாறு என்று எழுதிப் பயிற்சிக்குப் பணம் வாங்குவது அநியாயம். வீட்டில் எல்லாரும் ழகரத்தை அப்படித்தான் ஒலிக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். சுற்றுக் கிராமங்களில் தெலுங்கு பேசும் வீடுகளும் தேனிப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளும் இருக்கின்றன. இங்கே தொழில் செய்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வீட்டில் குழந்தையிடம் யார் எந்த மொழியில் பேசுகிறீர்கள்?" என்பதுதான்.

வேலை வாய்ப்பைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். நாட்டில் தேவை கொட்டிக் கிடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். ஆனால் தேவை இருக்கும் அளவுக்குப் பணியிடங்கள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களிலும், குழந்தைகளுக்கான மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் இந்த வேலை உண்டு. ஒப்பந்தப் பணிகளே அதிகம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வருகிறவரின் இரு காதுகளிலும் குறைந்தது 60 டெசிபெல் இழப்பு இருக்கிறதா என்று அளந்து சொல்லும் பொறுப்பும் நம்முடையது. ஒரு குடும்பத்தின் உதவித்தொகை அந்த அளவில் நிற்கும். தனியார் காது மூக்கு தொண்டை மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், காது மெஷின் விற்பனை நிலையங்கள் என்று மற்ற வாசல்கள் உண்டு. விற்பனை நிலையத்தில் தொடக்கச் சம்பளம் கவர்ச்சியாக இருக்கும். மாதத்துக்கு இத்தனை மெஷின் விற்க வேண்டும் என்ற இலக்கும் கூடவே வரும். முதல் இரண்டு ஆண்டுகளாவது மருத்துவமனையில் இருங்கள் என்றுதான் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். இல்லாவிட்டால் பேச்சுப் பயிற்சிக் கை துருப்பிடித்துவிடும்.

நம் பகுதிக்கு ஆள் தேவைப்படும் இடம் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் இலவசமாகச் செய்யப்படுகிறது. அறுவை சிகிச்சை சில மணி நேரம். சில வாரம் கழித்துக் கருவியை இயக்கிவைப்பார்கள். அதன் பின் ஓராண்டுக்கும் மேலாக வாராவாரம் கேட்கவும் பேசவும் பயிற்சி வேண்டும். பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கூலி வேலையை விட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மதுரைக்கு வர வேண்டும். அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் போயிற்று. நாலு வாரம் விட்டால் வருவதே நின்றுவிடுகிறது. இலட்சங்கள் மதிப்புள்ள கருவி பெட்டியில் கிடக்க, குழந்தை பேசாமலே வளர்வதைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. கண்ணுக்கு அரவிந்த் மருத்துவமனை 1976இல் இதே ஊரில் தொடங்கி, முகாம் போட்டு ஊர் ஊராகப் போனது. காதுக்கும் பேச்சுக்கும் அப்படிக் கிராமம் தேடிப் போகும் ஏற்பாடு இன்னும் வரவில்லை. உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ திருச்சுழியிலோ இருந்து ஒரு பெண்ணோ பையனோ படித்துவிட்டுத் தன் ஊரிலேயே ஒரு சிறு அறை திறந்தால், அவருக்கும் பிழைப்பு நடக்கும், அந்தத் தாய்மார்களுக்கும் பஸ் செலவு மிச்சமாகும். வெளிநாட்டு ஆசை உள்ளவர்களும் படிக்கலாம். ஆனால் அமெரிக்காவில் ஆடியாலஜிக்கு ஏயு.டி. என்ற தொழில்முறை முனைவர் பட்டமே நுழைவுத் தகுதி என்பதால் அது நீண்ட, செலவு பிடிக்கும் பாதை.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. "ப" என்ற ஓரெழுத்துக்காக, உதட்டின் முன் காகிதத் துண்டைப் பிடித்து, அது அசையும் வரை அதே குழந்தையோடு தரையில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஊதிக் காட்ட வேண்டும். மறுநாளும் அதே. சலிப்பு முகத்தில் தெரிந்தால் குழந்தை முதலில் கண்டுபிடித்துவிடும். பெண்பிள்ளைக்கு ஏற்ற மென்மையான படிப்பு, கல்யாணத்துக்கும் நல்லது என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டுச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் தவிக்கிறார்கள். சேருமுன் ஏதாவது ஒரு மையத்தில் அனுமதி கேட்டு ஒரு நாள் முழுதும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையோடு நின்றுவிடாதீர்கள். காலை பத்து மணிக்குக் கிளினிக் வாசலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒலி புகாத அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தச் சொல்லி நில்லுங்கள். வெளியே பேசுவது தெளிவாகக் கேட்டால் அங்கே எடுக்கும் ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் வரைபடத்தை, நம்ப முடியாது. செவித்திறனை அளக்கும் ஆடியோமீட்டரைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். கருவியின் மேலேயே தேதி ஒட்டியிருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் மாணவரைத் தனியாகப் பிடித்து, திக்குவாய் உள்ளவர் ஒருவரையாவது தொடக்கம் முதல் இறுதி வரை தானே பார்த்தாரா, பக்கத்தில் ஆசிரியர் இருந்தாரா என்று விசாரியுங்கள். தனியாரில் முன்பணம் கட்டும் முன் அரசுக் கலந்தாய்வின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு இடம் கிடைத்துவிட்டால் கட்டிய பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.